46 பீஸ் ஆஃப்ரோடு எமர்ஜென்சி கிட்: ஒன்றரை வருஷம் வண்டியில வச்சிருந்துட்டு எழுதுற ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், 5-க்கு 2. ஆன்லைன்ல "46 பீஸ் ஆஃப்ரோடு எமர்ஜென்சி கிட்"னு போட்டு விக்கிற ரெடிமேட் பை இது. கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே பையை வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி பல பேர் விக்கிறாங்க, உள்ள இருக்கிற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது, இப்ப அதுல மிஞ்சி நிக்கிறது வெளிய இருக்கிற பை, முக்கோண ரிஃப்ளெக்டர், கொஞ்சம் கேபிள் டை, ஒரு கட்டிங் பிளேயர், அவ்வளவுதான். மத்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாத்திட்டேன். எதை ஏன் மாத்தினேன்னு விவரமா எழுதுறேன், முதல் தடவை மண்ணுலயும் சேத்துலயும் வண்டி இறக்கப் போறவங்க யாராவது படிச்சா எனக்கு நடந்தது அவங்களுக்கு நடக்காம இருக்கும்.

மொதல்ல அந்த 46-ங்கிற கணக்கு. வீட்டுல பிரிச்சு தரையில பரப்பி எண்ணிப் பாத்தேன், அதுல ஃபியூஸ் மட்டும் 10, கேபிள் டை 10, பஞ்சர் திரி 5, இப்படியே பாதிக்கு மேல போயிடுச்சு. பாக்ஸ் ஸ்பேனர் செட்ல 8 சாக்கெட் இருந்துச்சு, அதுல 4 அங்குல அளவு. என் வண்டியில அங்குல போல்ட்டே கிடையாது, எல்லாம் மில்லிமீட்டர்தான். அதாவது செட்ல பாதி இரும்பு சும்மா கூட வந்துட்டு இருந்துச்சு, ஆனா உண்மையிலேயே தேவைப்படுற 10 மில்லிமீட்டர் அதுல இல்ல. பேட்டரி டெர்மினல் போல்ட்டு நிறைய வண்டியில 10 தான், அது இல்லாம எமர்ஜென்சி கிட்னு எப்படி சொல்றாங்கன்னு இன்னைக்கும் எனக்குப் புரியல.

ஆனா இதெல்லாம் சின்ன விஷயம். நான் இந்த ரிவ்யூவை எழுத உக்காந்ததே அந்த டோயிங் பெல்ட்டுக்காகத்தான். கிட்ல மஞ்சக் கலர்ல ஒரு பட்டை இருந்துச்சு, ரெண்டு முனையிலயும் இரும்பு கொக்கி, மேல "5 டன்"னு அச்சடிச்சிருந்துச்சு. அது எந்த 5 டன், அறுந்து போற அளவா இல்ல பாதுகாப்பா இழுக்கிற அளவா, அதைப் பத்தி ஒரு வரி கூட எங்கயும் இல்ல. வாங்கி ரெண்டாவது மாசம் காஞ்ச ஆத்துப் படுகையில என் வண்டி முன் சக்கரம் ரெண்டும் அச்சு வரைக்கும் மணல்ல புதைஞ்சிடுச்சு. பின்னாடி வந்த ஃப்ரெண்டு வண்டியில அந்த கொக்கியை மாட்டினோம், அவன் மெதுவாத்தான் இழுத்தான், நகரல, "இன்னொரு வாட்டி கொஞ்சம் வேகமா இழுக்கிறேன் மச்சான்"னான், நானும் சரின்னேன். இழுத்த வேகத்துல என் பக்கத்து கொக்கி விரிஞ்சு கழண்டு பறந்து போய் அவன் வண்டி பின் கதவுல அடிச்சு தகட்டை கிழிச்சிடுச்சு. அந்த கதவுக்கு ரெண்டடி தள்ளி அவன் தம்பி நின்னுட்டிருந்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை ஒழுங்கா படிச்சு அனுபவப்பட்டவங்க கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ரோட்டுல ரிப்பேர் ஆன வண்டியை மெதுவா இழுத்துட்டு போற டோ பெல்ட் வேற, புதைஞ்ச வண்டியை வெளிய எடுக்கிற ரெக்கவரி ஸ்ட்ராப் வேற. மொதல்ல சொன்னது பாலியஸ்டர், இழுத்தா அவ்வளவா நீளாது, அதனால வேகமா இழுத்தா அந்த அதிர்ச்சி முழுக்க கொக்கியிலயும் வண்டியோட அடிச் சட்டமான சேசிஸ்லயும் போய் விழும். ரெண்டாவது வகையில ஸ்னாட்ச் ஸ்ட்ராப்னு சொல்றது நைலான் பட்டை, சுமார் 20 சதவீதம் வரைக்கும் நீண்டு கொடுக்கும், கைனடிக் ரோப்புங்கிற கயிறுனா 30 சதவீதம் வரைக்கும், ரப்பர் மாதிரி சக்தியை உள்ள வாங்கி வச்சு நிதானமா இழுக்கும். முனையில இரும்பே இருக்காது, துணியை மடிச்சு தைச்ச வளையம்தான். பலம், அதாவது அறுந்து போற அளவு, எவ்வளவு வேணும்னா சாமான் ஆள் எல்லாம் சேத்து வண்டியோட முழு எடை எவ்வளவோ அதுல ரெண்டுல இருந்து மூணு மடங்கு. என் வண்டி எல்லாம் ஏத்தினா 2400 கிலோ பக்கம், மூணு மடங்கு 7200, அதுக்குக் கொஞ்சம் மேல 8000 கிலோ ஸ்ட்ராப், 60 மில்லிமீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம் எடுத்தேன். இன்னும் பெருசா எடுத்தா நல்லதுதானேன்னு தோணும், ஆனா லேசான வண்டிக்கு ரொம்ப தடியான ஸ்ட்ராப் போட்டா அது நீளவே நீளாது, நீளலேன்னா அதுக்கும் டோ பெல்ட்டுக்கும் வித்தியாசமே இல்லாம போயிடும்.

அதை வண்டியில மாட்ட ரெண்டு ஷேக்கிள் வாங்கினேன், குறுக்க பின் முறுக்கி மூடுற இரும்பு வளையம், முக்கால் அங்குலம், பாதுகாப்பா இழுக்கிற அளவு 4.75 டன்னு உடம்புலயே அடிச்சிருக்கும், அந்த எழுத்து இல்லாத ஷேக்கிளை தொடவே தொடாதீங்க. பின்னை கையால முழுசா முறுக்கிட்டு கால் சுத்து திருப்பி விடணும், இல்லேன்னா இழுத்த பிறகு இறுகிப் போய் கழட்ட வராது. இப்ப சாஃப்ட் ஷேக்கிளும் ஒண்ணு வச்சிருக்கேன், டைனீமா நார்ல பின்னினது, கையில தூக்கினா எடையே தெரியாது, அறுந்தாலும் இரும்புக் குண்டு மாதிரி பறக்காது. ஆனா கூர்மையான ஓரம் இருக்கிற பிராக்கெட்ல மாட்டக் கூடாது, நார் அறுத்துக்கும். எங்க மாட்டுறோம்ங்கிறதும் முக்கியம், பல வண்டியில அடியில தெரியிற வளையம் வண்டியை லாரியில ஏத்தி கட்டுறதுக்கு மட்டும் வச்சது, இழுக்கிறதுக்கு இல்ல. டிரெய்லர் மாட்டுற உருண்டையில ஸ்ட்ராப் மாட்டவே கூடாது, அது முறிஞ்சா நேரா பீரங்கிக் குண்டுதான். அறுந்தா ஸ்ட்ராப் பறக்காம இருக்க அது நடுவுல கனமான ஈரத் துணியோ, டேம்பர்னு இதுக்குன்னே விக்கிற கனமான விரிப்போ போடுங்க, ரெண்டு வண்டிக்கும் நடுவுல, ஸ்ட்ராப் போற நேர்கோட்டுல, ஒருத்தர் கூட நிக்கக் கூடாது, சின்னப் பசங்க இருந்தா தூரமா அனுப்பிட்டுத்தான் ஆரம்பிக்கணும். நான் அன்னைக்கு அதைச் சொல்லல, அது என் தப்பு, பெல்ட்டு மேல மட்டும் பழி போட முடியாது.

இதோட சேத்து இன்னொண்ணு, அன்னைக்கு இழுக்கவே தேவை இருந்திருக்காது. டயர்ல 32 பிஎஸ்ஐ காத்தோட மணல்ல இறங்கினேன். 18-க்கு இறக்கிட்டு, சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலை தோண்டி விட்டிருந்தா பாதி தடவைக்கு தானா வெளிய வந்துடும், காத்து குறைஞ்சா டயர் நீளவாக்குல படுத்துக்கும், தரையைத் தொடுற இடம் அதிகமாகும், புதையாது. 15-க்கு கீழ போனா வளைக்கும்போது டயர் ரிம்ல இருந்து கழண்டுக்க வாய்ப்பு இருக்கு, அதனால பிரஷர் கேஜ் கண்டிப்பா வேணும், கண்ணால பாத்து குத்துமதிப்பா சொல்ற விஷயம் இல்ல. கிட்ல கேஜும் இல்ல, உருப்படியான மண்வெட்டியும் இல்ல! மடக்குற சின்ன மண்வெட்டின்னு படத்துல போட்டிருந்தாங்க, வந்தது தோட்டத்துல செடி நட வச்சுக்கிற சைஸ்ல ஒண்ணு, ரெண்டாவது தோண்டலுக்கே கழுத்து வளைஞ்சிடுச்சு. இப்ப ஒரே துண்டா நீளக் கைப்பிடி வச்ச மண்வெட்டிய மேல கேரியர்ல கட்டி வச்சிருக்கேன், வண்டிக்கு அடியில கை நீட்டி தோண்ட அந்த நீளம் வேணும்.

காத்து இறக்கினா திரும்ப அடிக்கணும்ல, கிட்ல வந்த கம்ப்ரஸர் சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுறது. ஒரு டயருக்கு 12 நிமிஷம் எடுத்துச்சு, மூணாவது டயர்ல கை வைக்க முடியாத சூடு, நாலாவதுல லைட்டர் ஃபியூஸ் போயிடுச்சு. குறைஞ்ச காத்தோட ரோட்டுல வேகமா போனா டயர் சூடேறி பிஞ்சிடும், அதனால மீதி தூரம் முழுக்க உருட்டிட்டே வந்தேன். அப்புறம் நேரா பேட்டரியில கிளிப் மாட்டுற 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கினேன், 30 ஆம்பியர் கிட்ட இழுக்கும், லைட்டர் சாக்கெட்ல இருந்து அவ்வளவு எடுக்க முடியாது. 18-ல இருந்து 32-க்கு நாலு நிமிஷம். என்ஜினை ஓட விட்டுட்டுத்தான் அடிக்கணும், இல்லேன்னா காத்து ஏறும் பேட்டரி இறங்கும். மொத்த கிட்லயும் நான் அதிகமா யூஸ் பண்ற சாமான் இதுதான், காசு போட யோசிக்காதீங்க.

பஞ்சர் செட்டைப் பத்தி சுருக்கமா. டியூப்லெஸ் டயருக்கு ஓட்டையை அகலப்படுத்துற அரம் ஒண்ணு, திரியை சொருகுற ஊசி ஒண்ணு வரும், கிட்ல ரெண்டுக்கும் திருப்புளி மாதிரி நேர் கைப்பிடி. ஆஃப்ரோடு டயர் தடி, நேர் கைப்பிடியில உள்ளங்கை தோல் உரிஞ்சதுதான் மிச்சம், உள்ள போகல. இங்கிலீஷ் "T" மாதிரி குறுக்கு கைப்பிடி வச்ச செட் வாங்குங்க. இன்னொரு விஷயம், ஆணியை பாத்த உடனே பிடுங்காதீங்க, திரியை ஊசியில கோத்து, பசை தடவி எல்லாம் ரெடி பண்ணிட்டு அப்புறம் பிடுங்கணும். திரி பழசானா காஞ்சு வறண்டு போயிடும், வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு மாத்துங்க. டயர் பக்கச் சுவர்ல கிழிஞ்சா திரியை நம்பி ஓடக் கூடாது, அதுக்கு ஸ்டெப்னி தான்.

ஸ்டெப்னின்னதும் ஜாக்கி. கிட்ல வந்த சிசர் ஜாக்கி காருக்கு ஓகே, சஸ்பென்ஷன் ஏத்தி பெரிய டயர் போட்ட என் வண்டிக்கு முழுசா ஏத்தினாலும் சக்கரம் தரையை விட்டு எழும்பல. சேசிஸ்ல முட்டுக் கொடுத்து ஏத்தினா சஸ்பென்ஷன் தொங்கிட்டே கூட வரும், அந்த தொங்குற அளவையும் சேத்து ஏத்த வேண்டியிருக்கும், அச்சுக்கு அடியிலயே வைக்க முடிஞ்ச வண்டின்னா கொஞ்சம் ஏத்தினாலே போதும். நான் இப்ப பாட்டில் ஜாக்கியை அச்சுக்கு அடியில வைக்கிறேன். அதை விட முக்கியம் அடியில போடுற பலகை. ஜாக்கி அடிப்பாகம் 10-க்கு 10 சென்டிமீட்டர்னு வைங்க, 600 கிலோ அதுல நின்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ, ஈர மண்ணுல ஜாக்கிதான் கீழ இறங்கும் வண்டி ஏறாது. அதே 30-க்கு 30 பலகை போட்டா முக்கால் கிலோ கூட வராது. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்ல ஒரு துண்டு வெட்டி சீட்டுக்கு அடியில சொருகி வச்சிருக்கேன், இதுவரைக்கும் நாலு தடவை காப்பாத்தியிருக்கு, எந்த ரெடிமேட் கிட்லயும் இதை நான் பாத்ததே இல்ல. உயரமான ஃபார்ம் ஜாக்கி வச்சிருக்கிறவங்க நிறைய பேர், அது கைப்பிடி எகிறினா தாடையை உடைச்சிடும், பழகாதவங்க வேணாம். ஜாக்கியில நிக்கிற வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்காதீங்க, கழட்டின சக்கரத்தை சேசிஸுக்கு அடியில படுக்க வச்சுடுங்க, சரிஞ்சாலும் அது மேல விழும்.

வீல் ஸ்பேனர் சின்ன எல் வடிவத்துல, 20 சென்டிமீட்டர் இருக்கும். கடையில ஏர் கன்னால முறுக்கின நட்டை அதுல கழட்ட முடியாது, ஒருத்தர் 50 கிலோ எடை போட்டு அமுக்கினா கூட 100 நியூட்டன் மீட்டர் கிட்டதான் வரும், நட்டு முறுக்கினதே அதுக்கு மேல. அரை மீட்டர் பிரேக்கர் பார், அதாவது சாக்கெட் மாட்டுற நீளக் கைப்பிடினா அதே ஆள் அதே எடையில 245 கிட்ட வந்துடும், குதிக்க வேண்டியதே இல்ல. கூட ஆறு முனை சாக்கெட், பன்னெண்டு முனை எடுத்தா நட்டு தலை மழுங்கிடும், எனக்கு ஒண்ணு மழுங்கியே போச்சு. வண்டியை தூக்கறதுக்கு முன்னாடியே நட்டை கால் சுத்து தளர்த்திடுங்க. லாக் நட்டு போட்டிருந்தா அதோட சாவி எங்க இருக்குன்னு இப்பவே எழுந்து போய் பாருங்க, வீட்டு டிராயர்ல இருக்கிற சாவியால காட்டுல ஒரு பிரயோஜனமும் கிடையாது.

கரண்ட் சமாச்சாரம். ஜம்பர் கேபிள் வெளிய விரல் தடிமன், வெட்டிப் பாத்தா உள்ள நாலு இழை கம்பி, மீதி பிளாஸ்டிக். ஸ்டார்ட் பண்ணும்போது கேபிள் சூடாச்சு, என்ஜின் சுத்தல. 25 சதுர மில்லிமீட்டர் முழு செம்பு கேபிள் வாங்கினேன். மாட்டுற வரிசை, செத்த பேட்டரி பிளஸ், நல்ல பேட்டரி பிளஸ், நல்ல பேட்டரி மைனஸ், கடைசியா செத்த வண்டியோட என்ஜின் இரும்புல, பேட்டரிக்கு தள்ளி, ஏன்னா கடைசியா மாட்டும்போது பொறி வரும், பேட்டரியில இருந்து வர்ற ஹைட்ரஜன் பக்கத்துல அது வரக் கூடாது. இந்த வரிசையை ஒரு அட்டையில எழுதி கேபிளோடயே கட்டி வச்சிருக்கேன், ராத்திரி மழையில ஞாபகம் வராது.

அதோட ஒரு சின்ன மல்டிமீட்டர். இது கிட்ல இல்ல, நானா சேத்தது, எனக்கு ரொம்ப பிடிச்ச சாமான். என்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட் காட்டினா பேட்டரி ஃபுல், 12-க்கு வந்தா கிட்டத்தட்ட காலி, என்ஜின் ஓடும்போது 13.8-ல இருந்து 14.5 வரணும். ஒரு தடவை ஓடும்போதே 12.1 காட்டுச்சு, அப்பவே ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணலன்னு தெரிஞ்சு பானெட்டை திறந்தா பெல்ட் தளர்ந்து கிடக்குது, 12, 14 ஸ்பேனரை எடுத்து இறுக்கிட்டு கிளம்பிட்டோம். மீட்டர் இல்லேன்னா பேட்டரியை திட்டிட்டே இன்னும் 20 கிலோமீட்டர் உள்ள போயிருப்போம். ஃபியூஸ் வந்தது பெரிய சைஸ், என் வண்டிக்கு மினி சைஸ், பத்தும் வேஸ்ட். உங்க ஃபியூஸ் பாக்ஸை திறந்து பாத்துட்டு வாங்குங்க. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30, போன இடத்துல அதை விட பெருசு மட்டும் போடாதீங்க, ஒயரிங் எரியும்.

மத்ததெல்லாம் ஒரு சின்ன டப்பாவுல அடங்கிடுச்சு: தன்னோடயே ஒட்டிக்கிற சிலிக்கான் டேப், ரெண்டு சைஸ் ஹோஸ் கிளிப், கட்டுக் கம்பி, எபாக்ஸி பசை, இன்சுலேஷன் டேப். ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சப்போ சிலிக்கான் டேப்பை நல்லா இழுத்து இழுத்து சுத்தினதுலதான் வீடு வந்தோம், ஹோஸ் காஞ்சு இருக்கணும், ஈரத்துல பிடிக்காது. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம், சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை திறந்தா உள்ள அழுத்தத்துல இருக்கிற தண்ணி ஒரே நொடியில கொதிச்சு முகத்துல அடிக்கும். கிட்ல வந்த டார்ச் உள்ள செல் ஒழுகி பச்சை பிடிச்சு போச்சு, இப்ப தலையில மாட்டுற லைட், ரெண்டு கையும் ஃப்ரீ. கிளவுஸ் மெல்லிசு துணி, தூக்கிப் போட்டுட்டு தோல் கிளவுஸ். ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கிட்ல இல்லவே இல்ல, 2 கிலோ ஏபிசி பவுடர் வாங்கி டிரைவர் சீட்டுல இருந்து கை எட்டுற இடத்துல கிளாம்ப் போட்டு மாட்டினேன், டிக்கியில சாமானுக்கு அடியில வச்சா எடுக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

எப்படி அடுக்குறதுங்கிறதும் பாருங்க. கனமானது கீழ, பெல்ட் போட்டு கட்டி, ஒரு ஷேக்கிளே ஒரு கிலோவுக்கு மேல, வண்டி உருண்டா அது உள்ள பறக்கும். ஸ்ட்ராப்பும் ஷேக்கிளும் டிக்கியில வைக்கல, பின் சீட்டுக்கு பின்னாடி உள்ள இருந்தே எடுக்கிற மாதிரி வச்சிருக்கேன், ஒரு தடவை பின்பக்கம் மேட்டுல முட்டி கதவே திறக்க முடியாம போச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்டு வாசல்லயே உக்காந்து ஸ்டெப்னி மாத்தி, டெர்மினல் கழட்டி மாட்டி, என்ஜின் பெல்ட்டை இறுக்கிற டென்ஷனர் எந்த சைஸ்னு பாத்து, என் வண்டிக்கு வேண்டிய ஸ்பேனரை மட்டும் ஒரு தார்ப்பாய் ரோல்ல சுருட்டினேன்: 8, 10, 12, 13, 14, 17, 19, சக்கரத்துக்கு 21. உங்க வண்டிக்கு வேற வரும், சிலதுல நட்சத்திர தலை போல்ட்டு இருக்கும், அதுக்கு டார்க்ஸ் பிட் வேணும். அந்த ஒரு நாள் வேலை இந்த 46 பீஸை விட எனக்கு அதிகமா உதவியிருக்கு.

அதனால யாராவது இந்த கிட் வாங்கலாமான்னு கேட்டா, ரோடு விட்டு இறங்காத காருக்கு டிக்கியில ஏதோ ஒண்ணு கிடக்கட்டும்னா வாங்கலாம், அப்பவும் 10 ஸ்பேனரை தனியா வாங்கி உள்ள போட்டுடுங்க. ஆஃப்ரோடு போறவங்க வேணாம். மொத்தமா வாங்க முடியலேன்னா ஸ்ட்ராப், ரெண்டு ஷேக்கிள், கேஜ், கம்ப்ரஸர் இந்த வரிசையில மாசத்துக்கு ஒண்ணா சேருங்க, பலகையும் மண்வெட்டியும் வீட்டுலயே கிடைச்சுடும். அந்த மஞ்சப் பட்டை இப்பவும் எங்கிட்ட இருக்கு, ரெண்டு கொக்கியையும் வெட்டி எடுத்துட்டு மேல கேரியர்ல மண்வெட்டி கட்ட வச்சிருக்கேன். வேற யார் கையிலயாவது போயி அதை வச்சு வண்டி இழுத்துடக் கூடாதுன்னுதான் விக்கவும் இல்ல, யாருக்கும் கொடுக்கவும் இல்ல.